செவ்வாயோடு நின்ற சிறுகோள்

மேடையில் வீற்றிருக்கும் கோள்நோக்கர் கழகத் தலைவர் அவர்களே, கண்ணாடிக் கடையை இனி நடத்தப் போகும் மருமகன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நர்ஸம்மா அவர்களே, கதவு வரை நெருக்கியடித்து நிற்கும் படகுத் தெரு மக்களே, இன்றைய நேரம் சரியில்லை என்று அறிக்கை விட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலி பிடித்திருக்கும் மாற்றுக் கழகத்து நண்பர்களே, வணக்கம்.

இன்று மழை இல்லை என்று எங்கள் வானிலை நிலையம் காலையில் அறிவித்தது. அறிவித்தவன் நான்தான். வரும்போது வாசலில் சாய்த்து வைத்திருக்கும் குடைகளைப் பார்த்தேன். என் உரைக்கு இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது.

புயல் விளக்கச் செம்மல், நம் சிறுகோள் ஐயா மறைந்துவிட்டார். வானிலைக்காரன் ஒருவன் ஜோதிடர் ஒருவருக்கு இரங்கல் சொல்ல வரலாமா என்று என் மேலதிகாரி கேட்டார். வரலாம். ஏன் வரலாம் என்பதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்கிறேன்.

ஐயாவின் தொழில் மூக்குக் கண்ணாடி விற்பது. ஆர்வம், புயல். கடைச் சுவரில் எழுத்துப் பலகை ஒன்று, அதன் பக்கத்திலேயே கோள்களின் படம் ஒன்று. பார்வை சோதிக்கப் போனவர்கள் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டால், அடுத்து கோள் படத்தில் சிறுகோள்களின் பெயர்களைப் படிக்கச் சொல்வார். அதையும் படித்தவர்களுக்குக் கண்ணாடி விற்க மாட்டார். உட்கார வைத்துப் போன வருடத்துப் புயலை விளக்குவார். கண் நன்றாக இருந்தும் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு தப்பித்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறார்கள். கையை உயர்த்த வேண்டாம்.

அவருடைய முறை எளிமையானது. புயலுக்குப் பெயர் வைக்கிறார்கள் அல்லவா? வானத்தில் சிறுகோள்கள் என்று லட்சக்கணக்கில் கற்கள் சூரியனைச் சுற்றுகின்றன, அவற்றில் பல ஆயிரங்களுக்கு மனிதர்களின் பெயர்கள். புயலின் பெயர் கொண்ட சிறுகோளைத் தேடிப் பிடிப்பார். அது சனியைப் பார்க்கிறதா, வியாழனோடு சேர்ந்திருக்கிறதா, நெப்டியூனிடம் ஏமாந்திருக்கிறதா என்று கணிப்பார். புயல் ஏன் வந்தது, ஏன் அந்தக் கூரையைப் பிய்த்தது, பக்கத்துக் கூரையை ஏன் விட்டது, அனைத்துக்கும் விளக்கம் உண்டு.

ஒரே ஒரு நிபந்தனை. புயல் வந்து போன பிறகுதான் சொல்வார்.

அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். வருவதற்கு முன் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான். ஒரு முறை, புயல் கரைக்கு வராமல் கடலிலேயே கலைந்துவிட்டது. அதைக் கவனிக்காமல், அது இந்த ஊரை ஏன் அழித்தது என்று ஐயா ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டுவிட்டார். தெரிந்ததும் வருந்தினாரா? இல்லை. "ஊர் இருக்கறது எனக்கும் சந்தோஷம்தான் தம்பி. கட்டுரை அடுத்ததுக்கு ஆகும்" என்றார். இன்றும் அவர் எழுதியதில் ஆகச் சிறந்தது அதுதான் என்று கழகத்தார் சொல்கிறார்கள்.

இப்போது அந்தப் பெரிய புயலுக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கூட்டம் முடியுமா? முடிய விடுவீர்களா?

அன்று காலை எங்கள் கருவிகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லின. மறுநாள் புயல் நேராகப் படகுத் தெருவுக்குள் நுழையும், கடலும் கூடவே வரும். தெருவைக் காலி செய்யச் சொல்லி ஜீப்பில் போனேன். ஒருவரும் அசையவில்லை. படகு எஞ்சின் மெக்கானிக், அதோ தூணருகில் தலையைக் குனிந்துகொள்கிறாரே அவர்தான், என்னிடம் சொன்னார்:

"சார், ரெண்டு தடவை மூட்டை கட்ட வச்சீங்க. ரெண்டு தடவையும் காயப்போட்ட துணிகூட ஆடல. சிறுகோள் ஐயா சொல்லட்டும், கெளம்பறோம்."

"அவர் வந்து போன பிறகுதானய்யா சொல்வாரு?"

"அப்ப வந்து போகட்டும்."

நேராகக் கண்ணாடிக் கடைக்கு ஓடினேன். ஐயா யாரிடமும் சொல்லாமல் ஏற்கெனவே கணித்து வைத்திருந்தார். புயலின் சிறுகோள் சுக்கிரனின் மடியில் சுகமாகப் படுத்திருந்தது. கணக்குப்படி புயல் விலகிப் போக வேண்டும். நான் கெஞ்சினேன்.

"ஐயா, வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த யுரேனஸ் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி இருந்தா என்ன?"

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்க காத்தழுத்தத்தைக் கொஞ்சம் தள்ளி எழுதுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்பறம்? இல்லாததைச் சொல்ல மாட்டேன் தம்பி. இருக்கறதைத் தேடுவோம், உக்காருங்க."

அவையோரே, இயற்பியல் படித்துப் பட்டம் வாங்கிய நான் அன்று கண்ணாடிக் கடை முக்காலியில் உட்கார்ந்து, ஊரைக் காலி செய்யச் சொல்லும் ஒரு கல்லை வானத்தில் தேடினேன். கடலின் பெயர் கொண்ட கல், காற்றின் பெயர் கொண்ட கல், என் பெயர் கொண்ட கல். எல்லாம் சாந்தம். அப்படி ஒரு நிம்மதியான வானத்தை நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் ஐயாவின் மனைவி, நம் நர்ஸம்மா, மதியச் சாப்பாட்டோடு கடைக்குள் வந்தார்.

"என்ன ரெண்டு பேரும் திருடின மூஞ்சியோட உக்காந்திருக்கீங்க?"

சொன்னோம். பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"ஏங்க, என் பேர்ல ஒரு கல்லு சுத்துதுன்னு கல்யாணமான புதுசுல பெருமையடிச்சீங்களே. அது எங்க நிக்குது?"

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "அதை நான் பாக்கறதில்ல. வீட்டு விஷயத்தைத் தொழில்ல கலக்கறதில்ல."

"இன்னைக்கு ஒரு நாள் கலக்குங்க."

பார்த்தார். மறுபடி பார்த்தார். "செவ்வாயோட நிக்கற. எதிர்ல சனி."

"அப்படின்னா?"

"கோபமா இருக்க."

"அதுக்கு வானத்தைப் பாக்கணுமா? மூஞ்சியப் பாத்தா போதாதா?"

அடுத்த நிமிடம் ஐயா என் ஜீப்பில் ஏறி, ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். படகுத் தெருவின் முனையில் நின்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அன்பர்களே, புயலுடைய சிறுகோள் அமைதியாக உள்ளது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் என் மனைவியின் சிறுகோள் செவ்வாயோடு சேர்ந்து சனியை முறைக்கிறது. மேலும், அவர் இந்தத் தெருவுக்கு வந்துகொண்டிருக்கிறார்."

இரண்டுமே உண்மை. அம்மா ஜீப்புக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார், ஊசிப் பையோடு.

அந்தத் தெருவில் அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாத கை உண்டா? மெக்கானிக் மட்டும் கேட்டார்: "அக்கா எவ்வளவு தூரத்துல வர்றாங்க?" "இதோ, பின்னாலயே." முதல் மூட்டை அவருடையதுதான். மாலைக்குள் தெருவே மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. "வந்தது வந்தாச்சு, கையை நீட்டுங்க" என்று அம்மா வரிசையில் நிறுத்தினார்.

மறுநாள் புயல் வந்தது. கடலும் வந்தது. தெருவில் கூரை என்று ஒன்று மிஞ்சவில்லை. ஒரு படகு கண்ணாடிக் கடை வாசலில் வந்து நின்றது. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. அந்த உயிர்கள்தான் இன்று இந்த மண்டபத்தில் உட்கார இடமில்லாமல் நிற்கின்றன.

செம்மல் பட்டம் கொடுத்த விழாவில் ஐயா என் காதருகே குனிந்து சொன்னார்: "புயலை நான் சொல்லல தம்பி. நீங்க சொன்னீங்க. அவங்களுக்குப் புரியற பாஷையில நான் எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான்." அதை மேடையில் சொல்லியிருக்கலாமே என்றேன். "பட்டத்தைத் திருப்பிக் கேப்பாங்க" என்றார்.

இப்படிப்பட்டவரை எப்படி அழுது வழியனுப்புவது? மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நாடி பார்க்க வந்த மருத்துவரிடம் "உங்க கண்ணாடி பவர் சரியில்ல, கடைப் பக்கம் வாங்க" என்று சொன்ன மனிதர் அவர். மருத்துவர் இன்று வந்திருக்கிறார். புதுக் கண்ணாடி நன்றாக இருக்கிறது டாக்டர்.

ஆனால் ஒரு கவலை என்னைத் தூங்க விடவில்லை. அடுத்த மாதம் புயல் காலம் தொடங்குகிறது. நான் அறிவிப்பேன். நீங்கள் குடை பிடிப்பீர்கள், வெயிலுக்கு. உண்மையான புயல் வரும்போது உங்களை யார் கிளப்புவது? இதைத்தான் நேற்று நர்ஸம்மாவிடம் போய்க் கேட்டேன். அந்தச் சிறுகோள் எங்கே நிற்கிறது என்று இனி யாரம்மா பார்ப்பார்கள் என்றேன்.

"நான் எங்க நிக்கறேன்னு எனக்குத் தெரியாதா தம்பி? நீங்க வந்து சொல்லுங்க, நான் வந்து நிக்கறேன்."

ஆகவே இந்த அவையின் முன் உறுதி கூறுகிறேன். இனி எங்கள் நிலையத்தின் எச்சரிக்கை வானொலிக்குப் போவதற்கு முன்னால் நர்ஸம்மாவின் வீட்டுக்குப் போகும். ஐயாவின் கோள் படம் எங்கள் அலுவலகச் சுவரில், காற்றழுத்த வரைபடத்தின் பக்கத்திலேயே மாட்டப்படும். என் மேலதிகாரி கேட்டால், கண் பரிசோதனைக்கு என்று சொல்லிக்கொள்கிறேன்.

நிறைவாக, எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்ள இருந்தேன். அதற்குள் நர்ஸம்மா எழுந்து நின்றுவிட்டார். படகுத் தெரு முழுவதும் எழுந்துவிட்டது. மெக்கானிக் கதவருகே போய்விட்டார். பயப்படாதீர்கள், இது அஞ்சலிக்குத்தான்.

கூரையில் கேட்கும் சத்தத்தை நானும் கேட்கிறேன். மௌனம் முடிந்ததும் குடைகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இது நிலையத்தின் அறிவிப்பு.