மேல்வீட்டுப் புகைக்குழாய்

வீட்டை வாடகைக்கு விடுகிறவனுக்குப் பாதி ஆயுள் குழாய் வாஷர் மாற்றுவதிலேயே போய்விடும். மீதி ஆயுள், சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பதில். இது தெரியாமல்தான் நானும் ஓய்வுபெற்றபோது கையில் வந்ததைப் போட்டு மாடி கட்டினேன். கீழே நானும் மனைவியும். மேலே குடித்தனக்காரர்கள். அந்த வாடகையில்தான் எங்கள் வண்டி ஓடியது.

நல்ல ஆட்கள் கிடைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர். அவருடைய மனைவி வீட்டிலேயே தையல். எங்கள் தெரு முழுக்க அவளை டெய்லரம்மா என்றே கூப்பிடும். ஒரு சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. என் பேண்ட்டுகளுக்கு அவள்தான் அடி மடித்துத் தைப்பாள். காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். "வீட்டுக்காரர்கிட்ட போய் காசு வாங்குவாங்களா" என்று சிரிப்பாள். அப்படிப்பட்டவர்களிடம் போய் எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

என் மகள் போன் செய்து அழுத அன்றுதான் இது ஆரம்பமானது. புருஷனோடு இனி ஒத்துவராது, குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றாள். கீழே இருப்பது ஒரே ஒரு படுக்கையறை. மாடி வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

"நீங்க போய் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"சொல்றேன்."

"சொல்றேன் சொல்றேன்னு நாள் போகுது. உங்களுக்கு வாய் வரலைன்னா நான் போய் சொல்றேன்."

"வேண்டாம். நீ பேசினா மனசு கஷ்டப்படுவாங்க. நான் பார்த்துக்கறேன்."

சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு மூன்று தடவை படியேறியும் போனேன். கதவு திறந்ததும் அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ கொண்டுவந்து கொடுத்தாள். டீயைக் குடித்துக்கொண்டே ஒருவரைக் காலி செய்யச் சொல்ல முடியுமா? குழாய் ஏதாவது ஒழுகுகிறதா என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அப்படிக் கேட்டபோது ஒருநாள் அவளே சொன்னாள். குளியலறையில் வெந்நீருக்கு கேஸ் கீசர் இருக்கிறது. அதன் புகைக்குழாய் மொட்டைமாடி வரைக்கும் போகும். மழை பெய்தால் அந்த வழியாகத் தண்ணீர் சொட்டுகிறதாம். நான் மேலே போய், ஒரு பெயிண்ட் டப்பா மூடியைக் குழாயின் வாயில் கவிழ்த்து வைத்தேன். வீட்டுக்காரன் செய்ய வேண்டிய வேலைதானே.

கீசர் மாட்டிய மெக்கானிக் அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தான். "இந்தக் குழாயை மட்டும் அடைச்சிடாதீங்க சார். புகை உள்ளேயே நிக்கும். வாசனை கூட தெரியாது. தலைவலிக்கும், மயக்கம் வரும், அதுக்கப்புறம் ஆளே எழுந்திருக்க மாட்டாங்க." நான் மறக்கவில்லை. மழை விட்டதும் எடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

மழை விட்டது. அந்த வாரம் டெய்லரம்மா படியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இப்படித் தலைவலித்ததில்லை, ஊசியில் நூல் கோக்கக்கூட முடியவில்லை என்றாள். எனக்கு அப்போதுதான் தோன்றியது, இந்த வீடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்களாகவே முடிவு செய்து போய்விட்டால், யாருக்கும் மனக்கசப்பு இருக்காதே என்று. யாரும் யாரையும் போகச் சொன்னதாக ஆகாது.

ஆனால் அவர்கள் வீட்டைச் சந்தேகிக்கவே இல்லை. கண்ணாடியை மாற்றினார்கள். நல்ல கண் டாக்டர் யாரென்று என்னிடம்தான் விசாரித்தார்கள். எனக்குத் தெரிந்தவரிடம் அனுப்பிவைத்தேன். அவர் கைராசிக்காரர்.

பிறகு ஒரு பெருங்காற்றில் மூடி பறந்து விழுந்துவிட்டது. இரண்டு நாளில் அந்தம்மா தெளிந்துவிட்டாள். புதுக் கண்ணாடி வேலை செய்கிறது என்று பூரித்துப்போய்ச் சொன்னாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் மகள் மறுபடி போன் செய்தாள். பெட்டி கட்டிவிட்டேன் என்றாள். நான் மொட்டைமாடிக்குப் போய் மூடியைத் தேடி எடுத்து, பழையபடி வைத்து, இந்தத் தடவை கம்பி போட்டு முறுக்கிக் கட்டினேன். வேறு என்ன செய்வது? ஒரு பக்கம் பெற்ற பெண். இன்னொரு பக்கம் முகத்துக்கு நேரே சொல்ல முடியாத ஒரு விஷயம். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

மறுநாள் காலை நல்ல குளிர். கடிகாரக்காரர் கடைக்குப் போய்விட்டார். மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தம்மா குளிக்கிறாள் என்று தெரியும். குளிருக்கு ஜன்னலையும் சாத்தியிருப்பாள் என்றும் தெரியும். நான் பேப்பர் படித்து முடித்தேன். சத்தம் நிற்கவில்லை. படியடியில் போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவியைக் கூப்பிடலாம் என்றால் அவள் கடைக்குப் போயிருந்தாள். ஒரு பெண்பிள்ளை குளித்துக்கொண்டிருக்கும்போது நான் போய்க் கதவைத் தட்டலாமா? தட்டி என்னவென்று சொல்வது? மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

இவ்வளவு நேரம் தண்ணீர்க் குழாய் திறந்திருந்தால் மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோகும். தீர்ந்தால் கீசர் தானாக அணைந்துவிடும், அதையும் மெக்கானிக் சொல்லியிருந்தான். ஆனால் தண்ணீர் இல்லை என்று குடித்தனக்காரர்கள் ஒருநாளும் என்னைக் கேட்கும்படி நான் வைத்துக்கொண்டதில்லை. மோட்டாரைப் போட்டேன்.

அந்தம்மா போனை எடுக்கவில்லையே என்று மத்தியானம் கடிகாரக்காரர் வீட்டுக்கு ஓடிவந்தார். "சார், கொஞ்சம் மேலே வாங்க" என்றார். நான்தான் தோள் கொடுத்துக் கதவை உடைத்தேன். ஜன்னலைத் திறந்ததும் நான்தான். அவர் அவளை மடியில் போட்டுக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஆட்கள் கூடியதும் மொட்டைமாடிக்குப் போய், கம்பியை அவிழ்த்து மூடியை எடுத்துவிட்டேன். அந்தக் குளியலறையை இனி என் பேரக்குழந்தை பயன்படுத்தப் போகிறது.

காரியமெல்லாம் முடிந்து, சாவியைக் கொடுக்க அவர் கீழே வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பொண்ணு வர்றாங்கன்னு வீட்டம்மா இப்பதான் சொன்னாங்க. முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார். அவளுக்கும் முட்டிவலி, படி ஏற முடியல, கீழ்வீடா பாருங்கன்னு சொல்லிட்டே இருந்தா. கடைக்குப் பின்னாடி ஒரு வீடு பார்த்தும் வெச்சிருந்தேன். உங்ககிட்ட எப்படி சொல்றதுன்னுதான் ரெண்டு பேரும் தயங்கிட்டு இருந்தோம்."

பாருங்கள், அவர்களும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இத்தனையும் நேர்ந்திருக்காது. நான் அவரிடம் அதைச் சுட்டிக்காட்டவில்லை. துக்கத்தில் இருக்கிறவரிடம் போய்க் குறை சொல்லக் கூடாது.

குழாயை அடைத்தது நான்தான். கட்டியதும் நான்தான், தெரிந்தேதான் கட்டினேன். நான் எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் வாக்குமூலத்தில் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் குடியிருந்த காலம் முழுக்க, வீட்டைக் காலி செய்யுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.