மாமன் மடி இல்லாத காதுகுத்து

ரொம்பக் காலம் முன்னாடி, நம்ம ஆளுங்க கப்பலேறி சுமத்ராவுக்குப் புகையிலைத் தோட்ட வேலைக்கு வந்த சமயம். மலையடியில ஒரு லயம், கூலிக்காரங்க குடியிருக்கிற வரிசை வீடு. அந்த லயத்துல செம்பாயின்னு ஒருத்தி இருந்தாளாம். நம்ம வகையறாவுக்கு மூத்தவ அவதான். புருசன் வெள்ளையன். கைக்குழந்தையா ஒரு பொட்டப்புள்ள. கங்காணி யாருன்னா, அவ கூடப்பொறந்த அண்ணன் அடைக்கன். "நான் இருக்கேன்ல ஆத்தா, தைரியமா வா"ன்னு சொல்லி ஊருலேருந்து கூட்டிட்டு வந்தவனே அவன்தான்.

மலை உச்சியில பெரிய குழி. ஒரு காலத்துல நெருப்புக் கக்கின குழி, இப்ப ஏரி. கரையெல்லாம் மஞ்சளா கந்தகம். தோட்டத்துத் துரைக்கு அது வேணும். ஒரு நாள் காலையில அடைக்கன் ஏழு பேரை இறக்கி விட்டானாம். அதுல வெள்ளையனும் ஒருத்தன்.

உச்சிவேளைக்கு செம்பாயி புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு கஞ்சி கொண்டு போனா. விளிம்புல நின்னு பாக்குறா. தண்ணி செக்கச்செவேல்னு கெடக்கு. கரையில ஏழு பேரும் படுத்திருக்காங்க. காயமில்ல, ரத்தமில்ல. தூங்குற மாதிரி. பக்கத்துல ரெண்டு கொக்கு செத்துக் கெடக்கு.

இறங்க ஓடினாளாம். கீரை விக்கிற மலைக்காரப் பொம்பளை ஒருத்தி முந்தானையப் புடிச்சு இழுத்துட்டா.

"போகாத. ஏரி மூச்சு விட்டிருக்கு. அந்தக் காத்து கனம், பள்ளத்துலயே படுத்துக் கெடக்கும். நேத்தே தண்ணி செவந்துச்சு. மூணு நாளைக்கு ஆளை இறக்காதன்னு உங்க கங்காணிகிட்ட சொன்னோமே. அவரு சொல்லலியா?"

செம்பாயி அப்படியே நின்னாளாம். காலையில லயத்து வாசல்ல, "மச்சான், வெரசாக் கெளம்புங்க"ன்னு அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னது கண்ணு முன்னாடி வந்துச்சாம்.

நேரா அவன்கிட்ட வந்தா.

"அண்ணே, உனக்குத் தெரியுமா?"

அவன் குனிஞ்சு தரையில கெடந்த மம்பட்டிய எடுத்து ஓரமா வச்சான்.

"தெரியுமான்னு கேக்குறேன்."

"சொன்னா எவன் இறங்குவான் ஆத்தா? துரை அவசரப்படுத்தினாரு. ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

"அப்ப நீ ஏன் இறங்கல?"



அந்தத் தையில புள்ளைக்குக் காதுகுத்து. அடைக்கன் தோடும் பட்டும் தட்டுல வச்சு எடுத்துக்கிட்டு வந்தான். தாய்மாமன் மடியில வச்சுத்தான குத்தணும்? பாயில உக்காந்து மடிய விரிச்சான்.

செம்பாயி உள்ள போயி அம்மிக்கல்லத் தூக்கிட்டு வந்தாளாம். நடு வாசல்ல போட்டு, புள்ளைய அதுமேல உக்கார வச்சா.

காது குத்த வந்த ஆசாரி தயங்குறாரு. "மாமன் இருக்கையில..."

"மாமன் இல்ல. நீங்க குத்துங்க."

புள்ள வீல்னு அழுதுச்சு. அடைக்கன் விரிச்ச மடியோட அப்படியே உக்காந்திருந்தானாம். ஊரு சாப்பிட்டுக் கலையிற வரைக்கும் எந்திரிக்கலையாம்.

அதுலேருந்து நம்ம வகையறாவுல காதுகுத்துன்னா அம்மிக்கல்லுதான். மாமன் தட்டோட வெளிய நிக்கணும், குத்தி முடிஞ்சுதான் உள்ள வரணும். இப்ப வந்திருக்கிற மாமன் தங்கமான மனுசன், எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்சம் வெளிய நில்லுங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க.