பாலம் முடியக் கூடாதென்று ஒரு நேர்த்தி

எல்ல என்ற ஊரில் ஒரு கடை வாசலில் மழைக்கு ஒதுங்கியிருந்தது நான்கு பேர்: பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் முதலாளி, அங்கே கட்டும் ரயில் பாலத்துக்குக் கல் உடைக்கும் ஒரு பெண், அவள் புருஷன், நான்.

“பாலம் சீக்கிரம் முடியக் கூடாதுன்னு கதிர்காமத்து முருகனுக்கு நேந்திருக்கேன் மொதலாளி,” என்றாள் அவள்.

“என்ன தங்கச்சி இது! ரயில் பதுளைக்கு வந்தாத்தானே ஊரே எழும்பும்? கடை, பங்களா, ஸ்டோருன்னு கட்டட வேலை பத்து வருஷத்துக்கு ஓயாது.”

“அது கொத்தனாருக்குங்க. நாளைக்கு அரை ரூவா கூலிக்குக் கல் உடைக்கிற எங்கள யாரு கூப்பிடுவா?”

“இவ வேண்டுதலுக்குப் பயந்து எஞ்சினீயர் தொர வேலைய நிறுத்திருவாரு,” என்று புருஷன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. “இங்க சம்பாதிச்சு அவரு கடன அடைச்சிடுறோம்னு சொல்லித்தான் கங்காணி எங்கள தேயிலத் தோட்டத்த விட்டு அனுப்புனாரு. அடைக்காமப் போனா எங்க பொண்ணயும் கொழுந்து பறிக்க, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல நிறுத்திருவாரு. அவளுக்கு எட்டு வயசுதாங்க.”

பாலம் பாதிக்கு மேல் எழும்பிவிட்டதைக் காலையில்தான் பார்த்திருந்தேன்.

“கடன் இன்னும் எவ்வளவு நிக்குது?” என்று முதலாளி மெல்லக் கேட்டார்.

புருஷன் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“நாப்பத்தொரு ரூவாங்க.”