அக்காவின் பங்கு வெல்லம்

செஞ்சி பேருந்து நிலையத்தில் சிங்கவரம் பஸ் இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும். தலையில் துணி கட்டியிருந்த அக்கா சொன்னாள்:

“நாம சக்கரைய நிறுத்துனா அது சாவாதாம்டி. வேற எதையாவது தின்னு பொழைச்சிக்குமாம்.”

“எது?”

“கேன்சருதான். டாக்டரம்மாவ இன்னிக்கி கேட்டுட்டேன். அதுக்கு சக்கரைன்னா ஆசைதானாம். கெடைக்கலன்னா ஒடம்புல இருக்குற கொழுப்பு, சதைன்னு மாறிக்குமாம். என்ன நல்லா சாப்புடச் சொன்னாங்க.”

தங்கை அவள் பக்கம் திரும்பினாள்.

“போன்ல பாத்துட்டு நான்தான் நிறுத்துனேன். சோத்தக்கூட அளந்துதான போட்டேன். அப்ப மூணு மாசமா உன்னத்தான் பட்டினி போட்டேனாக்கா?”

“வுடு. சின்னதுல மல்லாக்கொட்டையும் வெல்லமும் மடியில கட்டிக்கினு கோட்ட மேல ஏறுவோமே. பாதி வழியிலயே என் பங்கு வெல்லத்தையும் நீதான தின்ன. அன்னிக்கி மட்டும் நான் பட்டினி கெடக்கலியா?”

தங்கை எழுந்து இறங்கிப் போனாள். டிரைவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஓடி வந்தாள். கையிலிருந்த இரண்டு கடலை உருண்டைகளையும் அக்காவின் மடியில் போட்டாள்.

“உன்னுது எங்கடி?”

“அன்னிக்கே தின்னுட்டேன்க்கா.”