கம்பைச் சுற்றிய பனி

"அந்தப் பெரியவர் செஞ்ச உதவியாலதான்டா என் ஒரு வருஷ டேட்டாவே போச்சு."

எழுபதுகளின் ஒரு குளிர்காலத்தில், ஸ்டுட்கார்ட் ரயிலில் என் முன் இருக்கையில் இரண்டு தமிழ் ஆராய்ச்சி மாணவர்கள்.

"என்ன செஞ்சார்?"

"மலைமேல பனியை அளக்க நம்பர் போட்ட கம்பு நட்டிருக்கோம். நான் கீழேருந்து டெலஸ்கோப்ல பார்த்து எழுதுவேன். எனக்கு நம்பர் நல்லாத் தெரியட்டும்னு, மேல குடியிருக்கிற அந்த மனுஷன் தினமும் கம்பைச் சுத்திப் பனியைத் தள்ளிவிட்டிருக்கார்."

"அய்யோ! நீ என்ன சொன்னே?"

"கத்திட்டேன். என் ஜெர்மன் அன்னிக்குத்தான் சரளமா வந்தது."

ரயில் ஒரு நிலையத்தில் நின்று கிளம்பியது.

"இந்த வருஷம் ரீடிங் சரியா வருதா?"

"ரொம்பச் சரியா வருது. நான் கத்தினதுலேருந்து அவர் அந்தப் பக்கமே வர்றதில்ல, கம்புகிட்ட ஒரு காலடித் தடம்கூட இல்ல. டெலஸ்கோப்ல கண்ணை வெச்சதும், நம்பரை விட்டுட்டு அந்தத் தடத்தைத்தான்டா முதல்ல தேடறேன்."