ஒரு நல்ல கேஸ்

அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட்டால் நன்றாக இருக்கும். புழுக்கம் தெரிகிறது, இருந்தாலும் எனக்கு அப்படித்தான் பழக்கம். வார்டுக்குள் நுழைந்ததும் நான் சொல்லும் முதல் வார்த்தை அதுதான். காற்று வேண்டுமா, காது வேண்டுமா என்று மாணவர்களைக் கேட்பேன். காது என்பார்கள். வேறு எதைச் சொல்ல முடியும்?

நன்றி. இப்போது பேசலாம்.

இந்தப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நான் இதய நோய்ப் பேராசிரியன். என் யூனிட்டில் படித்த பிள்ளைகள் இறுதித் தேர்வில் தோற்றதில்லை. இது தற்பெருமை இல்லை, விசாரணைக் குழுவான உங்களுக்கே தெரிந்த விஷயம். பக்கத்து யூனிட் பேராசிரியர் வருடா வருடம் பாதிப் பேரைக் காவு கொடுத்துவிட்டு, கேள்வி கஷ்டம் என்று மூக்கால் அழுவார். கேள்வியில் என்ன இருக்கிறது? பிள்ளைகள் பரீட்சையில் தொட்டும் கேட்டும் நோயைச் சொல்ல நல்ல கேஸ் வேண்டும்.

நல்ல கேஸ் என்றால் நோய் முற்றியிருக்க வேண்டும், ஆள் உட்கார்ந்து பதில் சொல்லவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது குதிரைக் கொம்பு. நோய் முற்றினால் ஆள் போய்விடுகிறான், ஆள் தேறினால் நோய் போய்விடுகிறது. வெளியிலிருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியாது.

நீங்கள் விசாரிக்கும் இந்த மனிதர் பள்ளிக்கூட வேன் ஓட்டுநர். நெடுநெடுவென்று உயரம், நீள நீளமான விரல்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வந்தார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள வால்வு சரியாக மூடாமல், போன ரத்தத்தில் பாதி திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. இந்த நோயில் நாடி எகிறி எகிறி விழும். கழுத்து துள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் தலை மெல்ல முன்னும் பின்னும் ஆடும். புத்தகத்தில் போட்டிருக்கும் அடையாளங்களில் ஒன்று குறையாமல் அவரிடம் இருந்தது. முன்னால் குனிந்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். அப்படி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அன்று சந்தோஷத்தில் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

தலை ஆடிக்கொண்டே இருந்ததால் பிள்ளைகள் அவருக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தார்கள். நான் கண்டித்தேன். கொஞ்ச நாளில் என் வாயிலும் அதுதான் வந்தது.

வால்வை மாற்றினால் பிழைத்துக்கொள்வார். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனால் மாற்றியபின் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாடி எல்லோருக்கும் இருக்கும் நாடியாகிவிடும். தலை அசையாமல் நிற்கும். உள்ளே கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேருந்து நிறுத்தத்தில் அப்படிப்பட்டவர்கள் ஏராளமாக நிற்கிறார்கள்.

"ஸ்கூல் திறக்கறதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிடுமா சார்? இல்லேன்னா வேனை வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்க" என்று கேட்டார்.

"பரீட்சை முடியட்டும். உங்களை நம்பித்தான் இத்தனை பிள்ளைங்க இருக்காங்க" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னையா சார் நம்பறாங்க?" என்றார். தலை ஆடியது. நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சம்மதம் இல்லாவிட்டாலும் அந்தத் தலை ஆடும் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அதை வகுப்பில் நடத்துகிறவனே நான்தான்.

பள்ளிக்கூடம் திறந்தது, வேன் கை மாறியது. அதன்பின் அவருக்கும் அவசரம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை கல்லூரி அங்கீகாரத்துக்காக வெளியூர்க் குழு வந்தது. வந்தவர்களுக்கு வெறும் கட்டிலையா காட்டுவது? அப்புறம் மறுபடியும் பரீட்சை. இப்படியே வருடங்கள் போயின. தேவைப்படும்போது போன் செய்து வரவழைப்போம், ஜன்னலோரக் கட்டில் கொடுப்போம். அறுவைப் பிரிவுத் தலைவர் தேதி குறிப்பார். நான் ஒரு தடவை காய்ச்சல் என்பேன், ஒரு தடவை நெஞ்சில் சளி என்பேன். பொய்தான். ஆனால் அதில் ஒரு பைசா ஆதாயம் பார்த்தேன் என்று யாராவது சொல்லட்டும்.

"இதுக்கு மேல தள்ளினா ஹார்ட் தாங்காது சார். அப்புறம் வால்வை மாத்தியும் பிரயோஜனம் இல்ல" என்று அறுவைப் பிரிவுத் தலைவர் ஒருநாள் என் அறைக்கே வந்து சொன்னார். பதறிய காரியம் சிதறும் என்று அனுப்பிவைத்தேன்.

மாத்திரை விஷயத்தையும் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நாடியின் எகிறலைத் தணிக்கும் மாத்திரை ஒன்று அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. நோயாளிக்கு நல்லது, பரீட்சைக்கு ஆகாது. தேர்வுக்கு முந்தைய வாரம் அதை நிறுத்தச் சொல்வேன். அந்த வாரம் அவரால் படுக்க முடியாது, உட்கார்ந்தபடியே தூங்குவார். உட்கார்ந்த நிலையில்தான் சத்தம் நன்றாகக் கேட்கும் என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஒரே ஒரு தடவை முரண்டு பிடித்தார். துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். தாயில்லாப் பெண். "வீட்டுக்குப் போயிடலாம்மா. இவங்க பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க, ஒண்ணும் செய்யல" என்று அவளிடம் சொன்னார்.

"சும்மா இருங்கப்பா. எத்தனை டாக்டருங்க வந்து பார்க்கிறாங்க! யாருக்கு இப்படி நடக்கும்?" என்றாள் அவள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இந்த வேலையில் நன்றி என்பது எப்போதாவதுதான் கிடைக்கும்.

இந்த வருடத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட ஒரு மாணவி, கெட்டிக்காரி, ஆமாஞ்சாமியைக் குனியச் சொல்லி, மூச்சை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"தலையாட்டம் இருந்துச்சு சார். இப்ப இல்ல."

"வெரி குட்" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. பிறகு கீழே கிடத்திச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். ஆள் திரும்பவில்லை. மாணவி சுவரோரமாக நின்று அழுதாள். அவள் கவனித்தது சரிதான், பாஸ் போட்டேன்.

ஆக, நீங்கள் கேட்பதற்கு என் பதில் இதுதான்: அறுவை சிகிச்சை செய்திருந்தால் அவர் இன்று இருந்திருப்பார். செய்யவிடாமல் தடுத்தது நான். வேறு யாருக்கும் பங்கில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். என் கணக்கில் ஒருவர்தான், ஆனால் அந்த ஒருவரால் உருவான வைத்தியர்கள் நாலா பக்கமும் இருக்கிறார்கள். உங்கள் மூவரில் இளையவரும் அவர் மார்பில் ஸ்டெத்தஸ்கோப் வைத்துத் தேறியவர்தான். ஏன் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? நன்றாகத்தானே பதில் சொன்னீர்கள்.

வேறு ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். கேட்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

காரியம் முடிந்த மறுவாரம் மகள் அப்பாவின் துணிமணிகளை வாங்கிப் போக வந்தாள். என் அறை மாடியில். ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. அழுகையால் என்றுதான் முதலில் நினைத்தேன். பையை வாங்கக் கை நீட்டினாள், அப்பாவைப் போலவே நீள நீளமான விரல்கள். இந்த நோய் சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் இறங்கும். உட்காரவைத்துக் குனியச் சொன்னேன். மூச்சை நிறுத்தச் சொன்னேன். கேட்டேன்.

"எனக்கும் ஏதாவது இருக்கா சார்?" என்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கே. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து என்கிட்ட மட்டும் காட்டிட்டுப் போ" என்றேன். நிம்மதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஓர் ஆசிரியனாக உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன், அவளைத் தேடிப் போய் எக்கோ, ஆபரேஷன் என்று கிளம்பிவிடாதீர்கள். சத்தம் இன்னும் பிஞ்சு. நாலைந்து வருடம் விட்டுவைத்தால் அவள் அப்பாவையே மிஞ்சிவிடுவாள்.