பேர் போடாத கடுதாசி

— இருபத்தொம்பது மணி நேரம் ஆச்சுக்கா. நேத்து பதினொண்ணே காலுக்கு அப்பா கண்ண மூடுனாரு. இப்ப நாலே கால். இன்னும் துக்க மணி அடிக்கல.

— தெரியும் ஜஸ்டின்.

— ஊருல யாரு செத்தாலும் அந்த மணிய அடிச்சவரு அவரு. முப்பது வருசம் கோயில் உபதேசியாரு. அவருக்கு அடிக்க ஒரு ஆளு இல்ல. ஐஸ் பொட்டியில கெடக்காரு. பங்குப் பேரவைக்காரங்க எட்டு பேரும் நம்ம வாசல்ல ரேடியோவ வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. நாலரைக்கு ஒன் புரோகிராம்ல நீ பேசுனா குழி வெட்டுவாங்க. இல்லன்னா கல்லறைச் சாவி வராது.

— பேசத்தானே ஒன் பைக்குல ஏறிப் புதுக்கோட்டை ரேடியோ ஸ்டேஷனுக்கு வந்தேன். மன்னிப்பு கேக்குறேன். மைக் முன்னால முட்டி போடச் சொன்னாலும் போடுறேன்.

— அது ரேடியோக்கா. நீ முட்டி போட்டா யாருக்குத் தெரியும்?

— வேற என்ன வேணுமாம்?

— பேரு. ஒனக்குக் கடுதாசி எழுதுன ஆளு பேரு. பயந்து கும்பிட்டா அது சாமி இல்ல, போலீசுன்னு நீ சொன்னப்பகூட பேசாமத்தான் இருந்தாங்க. ஷர்லி பி.எஸ்சி. படிச்ச திமிருல பேசுதுன்னு சிரிச்சாங்க.

— நான் சொன்னது சொன்னதுதான்.

— சொல்லு. அந்தக் கடுதாசிய ஏன் ரேடியோவுல வாசிச்ச? பூச்சி மருந்து குடிச்சவங்களையும், ஞானஸ்நானம் இல்லாம செத்த பச்சப் புள்ளைங்களையும் கல்லறை மதிலுக்கு வெளிய பொதைச்சோம், அவங்க ஒருத்தரும் நரகத்துல இல்ல, அந்த நரகத்தக் கட்டுனதே நம்மதான்னு. உள்ளாளு எவனோ எழுதியிருக்கான். இப்ப எட்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் மொறைச்சுக்கிட்டு இருக்காங்க.

— அதுல எந்த வரி பொய்யி?

— பொய்யா நெசமான்னு கேக்க நான் வரல. அம்மாவுக்குப் பக்கத்துல எடம் விட்டு வச்சிருக்கு. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு அப்பா அங்க புல்லு செதுக்குவாரு. இது எனக்குன்னு சொல்லுவாரு. அந்த எடம் போயிரும்க்கா.

— நானே எழுதுனேன்னு சொல்லிர்றேன்.

— எவன் நம்புவான்? கெணத்துல விழுந்த லூர்து அக்காவ ராவோட ராவா தூக்கிட்டுப் போனத அதுல எழுதியிருக்கு. அப்ப நீ பொறக்கவே இல்ல.

— அடிச்சுக் கேட்டாலும் பேரச் சொல்ல மாட்டேன்.

— அந்தாளுக்கு என்ன வந்துரும்? பேரவைய விட்டுத் தூக்குவாங்க. செத்தா மதிலுக்கு அங்கிட்டு போடுவாங்க. அது அவன் பாடு. அப்பாவ விட அவன் ஒசத்தியா?

— அப்படிக் கேக்காத.

— கேப்பேன். ஊருக்கெல்லாம் மைக்குல நாயம் சொல்ற. பெத்தவரு பொட்டியில கெடக்காரு, ஒரு பேரு வர மாட்டேங்குது ஒன் வாயில.

— வர மாட்டேங்குதுதான்.

— அழுவாதக்கா. ஒன் கால்ல வேணும்னாலும் விழுறேன்.

— மணி என்ன?

— நாலு இருபத்தேழு. செவப்பு லைட்டு போட்டுருவாங்க. சரி, இப்படிச் செய்யி. அந்தாளு பேரே வேணாம். செத்துப்போன ஆளு யாரையாவது சொல்லிரு.

— செத்துப்போன ஆளா?

— ஆமா. பொதைச்சவனத் தோண்டி எடுத்தா வெளிய போடப் போறாங்க?

— இன்னும் பொதைக்கலையே, ஜஸ்டின்.

— யார?

— ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, எங்கிட்ட வாயத் தொறக்காம, கீரனூரு போயி தபால்ல போட்டிருக்காரு. கையெழுத்து எனக்குத் தெரியாதா? அந்தக் கடுதாசி அப்பா எழுதுனது.